நினைவுப் பராமரிப்பு இல்லங்கள், பெங்களூரு

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் கண்டவர்களை இரவும் பகலும் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் நினைவுப் பராமரிப்பு இல்லம். முதியோர் இல்லத்தில் சோறும் கட்டிலும் மருந்தும் நேரத்துக்குக் கிடைத்தால் பெரும்பாலும் போதும். இங்கே, சாப்பிட்டதை மறந்தவர் மறுபடி கேட்கும்போது சமாதானம் சொல்லவும், வாசலைத் தேடி நடப்பவரோடு கூடவே நடக்கவும், ஒரே கேள்விக்கு இருபதாவது முறையும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லவும் ஆள் வேண்டும்.

இத்தகைய இல்லங்கள் வந்த வரலாற்றைப் பெங்களூரின் ஆஸ்டின் டவுனில் நின்று பார்க்கலாம். 1947 வரை பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்த தண்டுப் பகுதியை (கன்டோன்மென்ட்) சேர்ந்தது இது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். கன்னட–ஆங்கில அகராதியை 1894இல் தந்த ஃபெர்டினாண்ட் கிட்டலின் நினைவாகக் கிட்டல் நகர் என்ற பெயரும் இதற்கு உண்டு. கிட்டல் 1903இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் காலமானார். மூன்றே ஆண்டுகளில், 1906 நவம்பரில், அதே டூபிங்கனில்தான் ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் தம் நோயாளி ஒருவரின் மூளையில் கண்டதை மருத்துவர்கள் முன் விவரித்தார். 1901இல் பிராங்பேர்ட் மருத்துவமனைக்கு வந்தபோது ஔகுஸ்ட டெட்டர் என்ற அந்தப் பெண்ணுக்கு 51 வயது. தன் பெயரைக்கூட அவரால் எழுதி முடிக்க முடியவில்லை. ஒரு மொழியின் சொற்களையெல்லாம் சேர்த்து வைத்தவர் கண்மூடிய ஊரில், சொற்களை ஒவ்வொன்றாகப் பறிக்கும் நோய் அறிமுகமாயிற்று. 1910இல் மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின், மறதிநோய்களில் ஒன்றான அதற்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார்.

பெங்களூரில் மறதிநோயர்களுக்கென்று தனி இடம் வர இன்னும் நூறாண்டு ஆயிற்று. ஆஸ்டின் டவுனுக்குப் பக்கத்தில், ஓசூர் சாலையில், ‘லிட்டில் சிஸ்டர்ஸ் ஆஃப் தி புவர்’ கன்னியர் 1900 முதல் ஏழை முதியோரைப் பராமரித்து வருகிறார்கள். அதே சாலையில் இன்னும் தெற்கே, மைசூர் அரசின் மனநல மருத்துவமனை 1937இல் இப்போதைய வளாகத்துக்கு வந்தது. 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனத்தோடு 1974இல் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயிற்று. ஆனாலும் ஊர்வாயில் அது நெடுங்காலம் ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’தான். அந்தச் சொல்லுக்கு அஞ்சியே பல வீடுகளில் “வயசானா மறதி சகஜந்தானே” என்று சொல்லிக்கொண்டார்கள். சந்து வீடுகளில் அது ஓரளவு செல்லுபடியும் ஆயிற்று. தெருமுனை தாண்டிப் போய்விட்ட பாட்டியைக் கடைக்காரரோ பக்கத்து வீட்டுப் பையனோ கைப்பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். மருமகளும் வேலைக்குப் போகிற, பேரன் வெளிநாடு போய்விட்ட காலத்தில் அந்தக் கைகள் குறைந்தன.

வெளிநாடுகளில் மாற்றம் கட்டடத்தில் தொடங்கியது. 1974இல் பிலடெல்பியாவில், வழி மறந்தவருக்கும் வழி தெரியும்படி அறைகளை அமைத்த ஒரு விடுதி திறக்கப்பட்டது. நோயாளிக்குள் இருக்கும் மனிதரைப் பாருங்கள் என்ற ஆய்வாளர் டாம் கிட்வுட்டின் வாதம் 1997இல் நூலானது. 2009இல் நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில், கடையும் தெருவும் கொண்ட ஹோகவேக் என்ற ஊரையே மறதிநோயர்களுக்காகக் கட்டினார்கள்.

இந்தியாவில் தொடங்கிவைத்தது கேரளம். டாக்டர் ஜேக்கப் ராய் குரியாக்கோஸ் 1992இல் ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற மறதிநோய்ச் சங்கத்தை நிறுவினார். வளரும் நாடுகளில் இந்நோயை ஆராய 1998இல் கொச்சியில் உருவான 10/66 என்ற ஆய்வுக்குழு, பின்னர் சென்னையிலும் வேலூரிலும் களப்பணி செய்தது. குருவாயூர்ப் பக்கம் ‘ஹார்மனி ஹோம்’ என்ற தங்கும் இல்லம் எழுந்தது.

பெங்களூரில் டாக்டர் ராதா எஸ். மூர்த்தியும் பிரேம்குமார் ராஜாவும் 1998இல் தொடங்கிய நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட், 2010இல் கஸ்தூரி நகரில் மறதிநோய்க்கெனவே தனி மையத்தைத் திறந்தது. அதே ஆண்டு வெளியான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அறிக்கை, நாட்டில் 37 லட்சம் பேருக்கு இந்நோய் என்றது. 2023இல் வெளிவந்த ஆய்வு 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறது. இதற்கு இருக்கும் படுக்கைகள் எந்த மூலைக்கு? ஓய்வூதியம் இல்லாத குடும்பத்துக்குத் தனியார் இல்லங்களின் மாதக் கட்டணமும் எட்டாது. அரசு இதில் இறங்கியே ஆகவேண்டும்.

இடத்தைப் போலவே மொழியும் முக்கியம். ஐதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013இல் வெளியிட்ட கட்டுரை, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசுவோருக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாக வந்ததைக் காட்டியது. வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், ஆபீசில் ஆங்கிலம் என்று வாழ்ந்த ஆஸ்டின் டவுன்காரர்களுக்கு இது நல்ல செய்தி. நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முன்னே நழுவுவதும், சிறுவயது மொழியே கடைசிவரை தங்குவதும் பலரிடம் காணப்படுகிறது. பராமரிப்பவரோ பல இடங்களில் அந்த மொழி தெரியாத வேறு மாநிலத்துப் பிள்ளை.

மாலை ஐந்து மணிக்கு இந்த மொழி இடைவெளி வெளிச்சமாகத் தெரியும். அந்தி சாயும் நேரத்தில் பலருக்குப் பதற்றம் கூடும். புடவைத் தலைப்பில் எதையோ முடிந்துகொண்டு ஒரு பாட்டி எழுந்து நிற்பார்: “விளக்கு வைக்கிற நேரமாச்சு, நான் வீட்டுக்குப் போகணும்.” இதுதான் உங்கள் வீடு என்று வாதாடினால் அழுகைதான் மிஞ்சும். “வாங்க பாட்டி, சேர்ந்தே போலாம்” என்று தமிழில் சொல்லி, கையைப் பிடித்துத் தாழ்வாரத்தை இரண்டு சுற்று சுற்றிவந்தால் காப்பி குடிக்க உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் நல்ல இல்லங்கள் ஒருவரைச் சேர்க்கும்போதே மருந்துச் சீட்டோடு வேறு சிலவற்றையும் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதிவைக்கின்றன: வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், காப்பிக்கு எத்தனை சர்க்கரை, சாயங்காலம் யார் வரவுக்காகக் காத்திருப்பார்.