வில்லியனூர் உதயம் முதல் ‘ஆசியா/கொல்கத்தா’ வரை: நேர வலயப் பதிவின் வரலாறு

நேர வலயப் பதிவு என்பது ஒரு நிகழ்ச்சியின் நேரத்தோடு, அந்த நேரம் எந்த ஊர்க் கடிகாரப்படி சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துக் குறித்து வைப்பதாகும். இன்று கணினித் தரவுத்தளங்களில் பயனர் ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரிலும் இது இடம்பெறுகிறது. இதை +5.30 என்று எண்ணாக எழுதுவதா, ஊர்ப்பெயராக எழுதுவதா என்பது வெறும் கணினிக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் விடை வரலாற்றில் இருக்கிறது. புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன்களான வில்லியனூரையும் பாகூரையும் வைத்துப் பார்த்தால் அது எளிதில் விளங்கும்.

ஊருக்கு ஒரு நேரம்

பழைய கணக்கில் நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்கி 60 நாழிகை கொண்டது. ஒரு நாழிகை 24 நிமிடம். உதயம் ஊருக்கு ஊர் மாறுவதால் நேரமும் ஊருக்கு ஊர் மாறியது. ஒரு பாகை தீர்க்கரேகைக்கு 4 நிமிட வேறுபாடு என்பது பள்ளிப் பாடம். வில்லியனூர் ஏறத்தாழ 79¾ பாகை கிழக்கில் உள்ளது. இந்திய நேரத்துக்கு அடிப்படையான கோடு 82½ பாகையில் செல்கிறது. எனவே வில்லியனூர்ச் சூரியன் இந்தியக் கடிகாரத்துக்குச் சராசரியாக 11 நிமிடம் பிந்தியே உச்சிக்கு வருகிறது. புதுச்சேரி ஆட்சிப் பகுதியிலேயே அடங்கிய மாகேயில் இந்தப் பிந்தல் சுமார் 28 நிமிடம். ஏனாமில் ஒரு நிமிடந்தான். ஒரே அரசின் கீழ் உள்ள இரண்டு ஊர்களுக்கு இடையே ஒரு நாழிகைக்கும் மேலான இடைவெளி!

ரயிலும் சென்னை நேரமும்

ஊர் நேரத்தைக் கைவிடச் செய்தது ரயில். கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் அமைத்த வானாய்வகத்தின் நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. பின்னர் இதுவே இந்திய ரயில்களின் பொது நேரமாயிற்று. விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை 1879-ல் திறக்கப்பட்டது. வில்லியனூர் அப்பாதையில் உள்ள நிலையம். சென்னை நேரத்துக்கும் வில்லியனூர்ச் சூரியனுக்கும் 2 நிமிடமே வேறுபாடு என்பதால் இங்கு யாருக்கும் பெரிய சங்கடம் இருந்திருக்காது. பம்பாயின் கதை வேறு. 1906 ஜனவரி 1 அன்று இந்தியத் திட்ட நேரம் (5 மணி 30 நிமிடம்) வந்த பிறகும், அந்த நகரம் தன் பழைய 4 மணி 51 நிமிட நேரத்தை 1955 வரை விடவில்லை.

யுத்த கால நேரம்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இந்தியாவில் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டன. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியா 6.30 மணி நேரத்தில் இயங்கியது. பாகூருக்கு அடுத்துள்ள கடலூர் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அங்கு 1944-ல் ‘காலை 6 மணி’க்குப் பிறந்த குழந்தையின் உண்மையான இந்தியத் திட்ட நேரம் காலை 5 மணி. லக்னம் சுமார் 2 மணிக்கு ஒருமுறை மாறுவதால் இந்த ஒரு மணி நேரம் ஜாதகத்தையே மாற்றிவிடலாம். ஆகவே அக்கால ஜாதகங்களைக் கணிப்பவர்கள் ஒரு மணியைக் கழித்துக்கொள்ள வேண்டும். நேர வலயப் பதிவின் தேவையைக் கணினிக்காரர்களுக்கு முன்பே உணர்ந்தவர்கள் சோதிடர்கள் என்றால் மிகையாகாது.

ஆல்சனின் அட்டவணை

உலக ஊர்களின் கடிகார மாற்றங்களைக் கணினிக்காகத் தொகுக்கும் பணியை அமெரிக்கரான ஆர்தர் டேவிட் ஆல்சன் 1980களில் தொடங்கினார். பால் எகர்ட் அதை விரிவாக்கினார். கண்டத்தின் பெயரோடு ஒரு பெரிய நகரின் பெயரைச் சேர்த்து ‘ஆசியா/கொல்கத்தா’, ‘ஐரோப்பா/பாரிஸ்’ என்று எழுதும் முறை இதனுடையதே. நாடுகள் பிரியும், இணையும், பெயர் மாறும். நகரங்கள் அவ்வளவு எளிதில் மறைவதில்லை. கல்கத்தா கொல்கத்தா ஆனபோதுகூடப் பழைய பெயர் மாற்றுப்பெயராக வைத்துக்கொள்ளப்பட்டது. இல்லையேல் பழைய தரவுத்தளங்கள் தடுமாறியிருக்கும். இவ்வட்டவணைக்கும் சோதிடத்துக்கும் தொடர்பு உண்டு. பழைய தகவல்கள் பல, சோதிடர்களுக்காகத் தயாரிக்கப்பட்ட நிலப்பட நூல்களிலிருந்து வந்தவை. அதை முன்னிட்டு ஒரு சோதிட மென்பொருள் நிறுவனம் 2011-ல் வழக்குத் தொடுத்து, அடுத்த ஆண்டு திரும்பப் பெற்றது. 2011 அக்டோபரில் அட்டவணையின் பொறுப்பு ஐகான் அமைப்பிடம் சென்றது.

‘ஆசியா/கொல்கத்தா’ வரிசையைத் திறந்து பார்த்தால், 1870 முதல் 1905 முடிய அதில் இருப்பது கொல்கத்தா நேரம் அன்று, சென்னை நேரம்! யுத்த கால நேரமும் அதில் உள்ளது. பம்பாயின் தனி நேரம் இல்லை. 1970-க்குப் பிறகு கடிகாரங்கள் ஒத்துப்போகும் இடங்களுக்கு ஒரே வரிசை போதும் என்பது அட்டவணையின் விதி.

எண்ணா, ஊர்ப்பெயரா?

புதுச்சேரிப் பகுதியில் ‘சொல்தா’ குடும்பங்கள் என்று சொல்லப்படும் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியர் குடும்பங்கள் பல உண்டு. அவர்களின் உறவினர் பலர் பிரான்சில் வாழ்கின்றனர். குளிர்காலத்தில் பாரிசுக்கும் வில்லியனூருக்கும் 4½ மணி இடைவெளி. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை 3½ மணி. பாரிசில் உள்ள பயனருக்கு +1 என்ற எண்ணைச் சேமித்தால் ஆண்டில் ஏழு மாதம் அது தவறு. எண்ணை முழு எண்ணாகச் சேமித்தாலோ, இந்தியாவின் அரை மணி காணாமலே போய்விடும்.

தமிழர் வாழும் பிற நாடுகளும் இதையே காட்டுகின்றன. சிங்கப்பூரில் 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குக் கடிகாரம் அரை மணி முன்தள்ளப்பட்டு, புத்தாண்டு உடனே பிறந்தது. மின்பற்றாக்குறையால் 1996 மே மாதம் இலங்கை 6.30-க்கு மாறியது, அதே ஆண்டு அக்டோபரில் 6.00 ஆகி, 2006 ஏப்ரலில் 5.30-க்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்காமல் 5.30-லேயே இருந்தன. 2003-ல் கிளிநொச்சியில் பிறந்த குழந்தையின் மணியை ‘ஆசியா/கொழும்பு’ என்று பதிந்தால் அரை மணி பிழை நேரும்.

வருங்காலம் இன்னும் நிச்சயமற்றது. பருவந்தோறும் கடிகாரம் மாற்றுவதை 2021-ல் நிறுத்த ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019 மார்ச்சில் வாக்களித்தது. உறுப்பு நாடுகள் ஒத்துக்கொள்ளாததால் அது நடைமுறைக்கு வரவில்லை. நடந்து முடிந்ததை உலகப் பொது நேரத்தில் சேமிக்கலாம். நடக்கவிருப்பதை உள்ளூர் மணியாகவும் ஊர்ப்பெயராகவுமே சேமிப்பது நல்லது.

பிறந்த தேதி

இங்குதான் பிழை மனிதரைத் தொடுகிறது. ஜனவரி 12 என்ற பிறந்த தேதியைச் சில மென்பொருள்கள் ‘ஜனவரி 12, இரவு 12 மணி’ என்று நேரமாக்கி, பொது நேரத்துக்கு மாற்றுகின்றன. 5½ மணி கழிய, அது ஜனவரி 11 மாலை 6.30 ஆகிவிடும். பிரான்சில் அச்சிட்டால் ‘ஜனவரி 11’ என்று வரும். இரண்டு நாட்டு ஆவணங்களில் ஒரு நாள் வேறுபட்டால் அலைச்சல் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. பிறந்த தேதிக்கு நேர வலயமே தேவையில்லை. அது தேதியாக மட்டும் இருக்க வேண்டும்.

வில்லியனூரும் பாகூரும் 1954 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தவை. பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, பிறப்புப் பதிவில் நாள், மணி, இடம் மூன்றையும் எழுதச் சொல்கிறது. அத்தகைய பதிவேட்டைக் கணினியில் ஏற்றுபவர் மணியை எழுதியுள்ளபடி ஒரு கட்டத்திலும், ஊரை மற்றொரு கட்டத்திலும் இட வேண்டும். ‘ஆசியா/கொல்கத்தா’ என்று தாமே சேர்த்துப் பொது நேரமாக்கினால், மென்பொருள் 1943-ஆம் ஆண்டுப் பதிவில் கேளாமலே யுத்த கால மணியைக் கழித்துவிடும். அந்த வரிசை சொல்வது பிரிட்டிஷ் இந்தியாவின் ஆணையை. பிரெஞ்சிந்தியாவுக்கு அட்டவணையில் தனி வரிசை கிடையாது.