முதுமையில் இதயத்தசையும் சத்துக் குளிசைகளும்

இதயத்தசை ஒரு நாளில் ஆக்கிச் செலவிடும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறின் நிறை சுமார் 6 கிலோகிராம் எனக் கணிக்கப்படுகிறது. வயது ஏற ஏற இடது இதயவறையின் சுவர் தடிக்கிறது. சுருங்கும் வலு பெரும்பாலும் நிலைத்திருக்க, தளர்ந்து விரிவதே முதலில் தாமதமாகிறது. கலத்துக்குள் கல்சியம் மீளச் சேரும் வேகம் குறைவதும் இழைமணிகள் நலிவதும் இதற்குக் காரணங்கள்.

இத்தசைக்குச் சத்துக்குறை என்ன செய்யும் என்பதைத் தெளிவாகக் காட்டியது தயமின் (விற்றமின் பி1). அது அற்றால் இதயம் பெருத்து, கால் வீங்கி, மூச்சு முட்டும். இதுவே ஈரப் பெரிபெரி. மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் பெரிபெரியால் பெருந்தொகையாக மடிந்தபோது, அங்கு சென்ற தமிழ்த் தொழிலாளரிடம் அந்நோய் அரிதாகவே தோன்றியது. முன்னவர் உண்டது தீட்டிய பச்சையரிசி, பின்னவர் உண்டது புழுங்கலரிசி. 1905இல் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் இதைச் சோதித்தார். தீட்டிய பச்சையரிசி உண்ட 120 பேரில் 43 பேருக்கு நோய் கண்டது, 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோய் கண்டவர் இருவரே. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுதும் போவதில்லை.

இலங்கையின் கிழக்கிலுள்ள கல்குடா, வாழைச்சேனைக் கரையில் புழுங்கலரிசிச் சோறும் கடல்மீனும் நெடுங்கால உணவு. ஆயினும் இங்கும் முதியவருக்குத் தயமின் குறையலாம். இதய செயலிழப்புக்குத் தரப்படும் பியூரோசமைட் என்னும் நீர்போக்கிக் குளிசை சிறுநீரோடு தயமினையும் வெளியேற்றுகிறது. அதை நெடுநாள் எடுக்கும், சாப்பாடும் குறைந்த முதியவரிடம் இக்குறையைக் கேட்டறிவது அவசியம்.

செலனியத்தின் கதையும் அத்தகையதே. சீனாவின் கேஷான் பகுதியில் மண்ணில் செலனியம் குறைந்ததோடு தொடர்புற்ற இதயத்தசை நோய் 1935இல் பதிவானது. சுவீடனில் 443 முதியோருக்கு 4 ஆண்டுகள் செலனியமும் கோஎன்சைம் கியூ10உம் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் (2013) இதயநோய் மரணம் 12.6 சதவீதத்திலிருந்து 5.9 ஆகக் குறைந்தது. ஆனால் சுவீடன் மக்களின் உணவில் செலனியம் குறைவு. நாளும் கடல்மீன் உண்பவருக்கு அப்பலனை எதிர்பார்ப்பதற்கு நியாயமில்லை. 2014இல் வெளியான 420 நோயாளர் ஆய்வில் கியூ10 மட்டும் கொடுத்தபோதும் பாரிய இதயப் பாதிப்புகள் 26இலிருந்து 15 சதவீதமாகின. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆயினும் ஆய்வு சிறியது.

மீன் எண்ணெய்க் குளிசையின் பயன் அதைவிடச் சிறிது. இத்தாலியில் சுமார் 7,000 இதய செயலிழப்பு நோயாளரிடம் (2008) மரணம் 29இலிருந்து 27 சதவீதமாகவே இறங்கியது. நோயற்ற 25,871 அமெரிக்கரிடம் (2018) பெரிய இதய நிகழ்வுகள் குறையவில்லை. விலை கொடுத்து அதை வாங்கும் குடும்பம் அந்தப் பணத்துக்குச் சூடை மீன் வாங்கினால் புரதமும் கிடைக்கும். கருவாட்டில் உப்பு மிகுதி. இதயம் தளர்ந்தவர் அதைக் குறைக்க வேண்டும்.

சில குளிசைகள் தீங்கும் செய்யும். அதிக அளவு விற்றமின் ஈ எடுத்தவரிடம் இதய செயலிழப்பு கூடியதை 2005இல் ஓர் ஆய்வு கண்டது. கியூ10, வாபரின் மருந்தின் வேலையைக் குறைக்கக்கூடும். லொசார்டன், ஸ்பைரோனோலக்டோன் எடுப்பவர் பொற்றாசியம் சேர்த்தால் இதயத் துடிப்பே குழம்பலாம். பாமசியில் தாமாக வாங்கியதையும் கிளினிக்கில் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.