ஜடேஜா அன்று கேட்டதும் இன்று கிடைத்ததும்

இந்தக் கட்டுரை கிரிக்கெட்டில் தொடங்கி, கூடைப்பந்து வழியாகப் போய், எங்கள் ஊர் பட்டாசு ஆலையில் முடியும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. தீபாவளி முடிந்து வெம்பக்கோட்டைப் பக்கம் வேலை ஓய்ந்திருந்த நேரம். டீக்கடையில் எல்லார் கையிலும் செல்போன். ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனைச் சென்னை சூப்பர் கிங்ஸ் வாங்கிவிட்டது என்ற செய்தி வந்திருந்தது. சாம்சன் அதே 18 கோடி ரூபாய்க்கு வந்தார். ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது.

மூன்று மாதமாகவே வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. 2025 ஐ.பி.எல்.லில் சென்னை அணி முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடிந்திருந்ததால், ஆளை மாற்றப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். யாரை என்பதுதான் கேள்வி. "யார் போனாலும் ஜட்டு போகமாட்டாரு" என்று பந்தயம் கட்டியவர்களில் நானும் ஒருவன். 2023 இறுதிப் போட்டியில் கடைசி 2 பந்தில் 10 ரன் தேவைப்பட்டபோது ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர் அல்லவா!

அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா கேட்டார்: "ஏப்பா, ஆளைக் கைமாத்தி விடுறதுக்கு அவன் என்ன மாடா?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்கு வந்தபிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஓர் ஆட்டக்காரன் யாருக்குச் சொந்தம்? இதைத் தேடிப் படித்தபோது கிடைத்ததுதான் கீழே உள்ள வரலாறு.

பழைய கதை ஒன்று

ஜடேஜா முதலில் ஆடியதே ராஜஸ்தானுக்குத்தான் என்பது பலருக்கு மறந்திருக்கும். 2008இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் இருந்துவிட்டு, அதே ஆண்டு ஷேன் வார்னின் தலைமையில் ராஜஸ்தானுக்காக ஆடி ஐ.பி.எல். கோப்பையும் வென்றார்.

2010இல் அவர் மீது ஒரு குற்றச்சாட்டு வந்தது. ராஜஸ்தானின் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல், வேறு அணியுடன் பேரம் பேச முயன்றார் என்பது. அப்படிப் பேசுவது விதிப்படி தவறு. தண்டனையாக அந்த ஆண்டு முழுவதும் ஐ.பி.எல்.லில் ஆடத் தடை. அப்போது அவருக்கு வயது 21.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 2011 ஏலத்தில் கொச்சி அணி அவரை 9.5 லட்சம் டாலருக்கு எடுத்தது. அந்த அணி ஒரே ஆண்டில் கலைக்கப்பட்டது. 2012 ஏலத்தில் சென்னை அணி 20 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தது. அந்த ஏலத்தின் மிக அதிக விலை அதுதான்! "எனக்கு இன்னும் அதிகம் கிடைக்கும்" என்று 2010இல் அவர் நினைத்திருந்தால், அது தப்பில்லை என்று சந்தையே சொல்லிவிட்டது. ஆனால் அந்தச் சந்தைக்குத் தானாகப் போக அவருக்கு உரிமை இல்லை. அதுதான் விஷயம்.

அமெரிக்காவில் போராடியவர்கள்

இந்தச் சண்டை நமக்குப் புதிது. அமெரிக்காவில் நூறு ஆண்டுக்கும் மேல் பழையது. அங்கே பேஸ்பால் அணிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு விதியைக் கொண்டுவந்தன. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அதே அணிக்குத்தான் ஆட வேண்டும். அணி விரும்பினால் அவரை விற்கலாம், மாற்றலாம். அவர் விரும்பினால்? ஆட்டத்தை விட்டுப் போகலாம். அவ்வளவுதான்.

1969இல் கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின வீரரை செயிண்ட் லூயிஸ் அணி பிலடெல்பியாவுக்கு மாற்றியது. அவர் போக மறுத்து வழக்குப் போட்டார். ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்குபவருக்கு என்ன குறை என்று பலர் கேட்டார்கள். 1970 முழுவதும் அவர் ஆடவில்லை. 1972இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மூன்றே ஆண்டில், 1975 டிசம்பரில், வேறு இரு வீரர்களின் வழக்கில் அந்தப் பழைய விதி உடைந்தது. ஆனால் ஃப்ளட்டின் ஆட்ட வாழ்க்கை அதற்குள் முடிந்துபோயிருந்தது.

கூடைப்பந்திலும் இதே கதைதான். ஆஸ்கர் ராபர்ட்சன் அந்தக் காலத்தின் மாபெரும் ஆட்டக்காரர், என்.பி.ஏ. வீரர்கள் சங்கத்தின் தலைவர். 1970இல் சங்கத்தின் சார்பில் அவர் பெயரிலேயே வழக்குத் தொடரப்பட்டது. ஆறு ஆண்டுகள் இழுத்து, 1976இல் சமரசம் ஆனது. ராபர்ட்சன் 1974இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் நட்ட மரத்தின் பழம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் பழைய அணிக்குச் சில பிடிகள் இருந்தன. எந்தத் தடையும் இல்லாமல் அணி மாறிய முதல் வீரர் டாம் சேம்பர்ஸ், 1988இல்.

2010 ஜூலையில் லெப்ரான் ஜேம்ஸ் தொலைக்காட்சியில் உட்கார்ந்து "நான் மயாமிக்குப் போகிறேன்" என்று அறிவித்தபோது, பழைய ஊரான கிளீவ்லாண்டில் ரசிகர்கள் அவர் சட்டையைக் கொளுத்தினார்கள். அவரால் அப்படி உட்கார்ந்து பேச முடிந்ததே ராபர்ட்சனால்தான். ஆண்டைக் கவனியுங்கள். ஜடேஜாவுக்குத் தடை விழுந்த அதே 2010!

வதந்தி எங்கிருந்து வருகிறது?

எனக்குத் தோன்றுவது இது. ஆள் தன் விருப்பப்படி போகலாம் என்றால்தான் "எங்கே போவார்?" என்று ரசிகன் ஊகிக்க முடியும். கட்டிப்போட்ட ஆளைப் பற்றி என்ன வதந்தி பேசுவது? அமெரிக்காவில் ஒவ்வொரு கோடையிலும் நடக்கும் இந்த ஊகப் பேச்சு, வீரர்கள் வென்ற உரிமையின் நிழல்தான்.

ஆனால் அங்கேயும் அது பாதி உரிமைதான். ஒப்பந்தம் முடிந்தால் வீரர் போகலாம். ஒப்பந்தம் நடக்கும்போது, பெரும்பாலும் அவரைக் கேட்காமலே மாற்றலாம். 2025 பிப்ரவரி தொடக்கத்தில் டல்லாஸ் அணி, முந்தைய ஆண்டுதான் தன்னை இறுதிப் போட்டிவரை கொண்டுபோன லூகா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பியது. எந்த வதந்தியும் வரவில்லை. டோன்சிச்சுக்கே தெரியாது!

இந்த ஒரு விஷயத்தில் ஐ.பி.எல். மேல். இங்கே மாற்றத்துக்கு வீரரின் சம்மதம் வேண்டும். ஜடேஜாவும் சம்மதித்துத்தான் போனார். ஆனால் ஏலத்தில் எந்த ஊர் என்று வீரர் தேர்ந்தெடுக்க முடியாது. அதிகம் கேட்கும் அணிக்கே போக வேண்டும்.

2010இல் ஜடேஜா தானாகப் பேசினார், தண்டனை. 2025இல் அணிகள் பேசின, அது வியாபாரம். இரண்டிலும் நடந்தது பேரம்தான். பேச்சை யார் தொடங்கலாம் என்பதில்தான் வித்தியாசம்.

பெரியப்பா சொன்னது

அணிகள் பக்கமும் நியாயம் உண்டு. யாரும் எங்கும் போகலாம் என்றால் பணக்கார அணியே எல்லா நல்ல ஆட்களையும் அள்ளிவிடும். சின்ன ஊர் அணி பயிற்சி கொடுத்து வளர்த்த ஆளை அடுத்த ஆண்டே இழந்துவிடும். இதை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் தன் கதையைச் சொன்னார். அக்கா கல்யாணத்துக்கு அவர் வேலை பார்த்த பயர் ஆபீஸில் அட்வான்ஸ் வாங்கினார். அடுத்த வருடம் வேறொரு இடத்தில் கூடுதல் கூலிக்குக் கூப்பிட்டார்கள். "பாக்கியைக் கட்டிட்டுப் போ" என்றார்கள் இங்கே. மொத்தமாகக் கட்டப் பணம் ஏது? கழியும்வரை அங்கேயே இருந்தார். "கஷ்டத்துக்குக் குடுத்தாங்க, இல்லேங்கலை. ஆனா அந்த மூணு வருஷம் நான் எனக்கு ஆளு இல்லப்பா" என்றார்.

14 கோடி வாங்குபவரையும் தினக்கூலி வாங்குபவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. எனக்குத் தெரியும். ஜடேஜாவுக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் கேள்வி ஒன்றுதான். என் உழைப்பை யாரிடம் கொண்டுபோவது என்று பேசும் உரிமை எனக்கு உண்டா, இல்லையா? ஃப்ளட் 90,000 டாலர் சம்பளத்தில் கேட்டதும் அதைத்தான்.

அடுத்த முறை ஏலத்துக்கு முன்பு டீக்கடையில் வதந்தி கிளம்பும். நானும் பந்தயம் கட்டுவேன், மாட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் "அணி யாரை விடும்?" என்று மட்டும் கேட்காமல், "அந்த ஆளுக்கு எங்கே ஆட ஆசை?" என்றும் கேட்பேன்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.