எலி மருந்தும் அப்பாவும்

வால்வு மாற்றியதிலிருந்து அப்பாவுக்கு வார்ஃபரின் மாத்திரை. "எலி மருந்துடா இது" என்று போனில் சிரிப்பார். நாக்பூரில் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். உண்மைதான் மக்களே!

1920களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த ஸ்வீட் க்ளோவர் தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. 1933-ல் விஸ்கான்சின் விவசாயி ஒருவர் உறையாத ரத்தத்தை ஒரு பால்கேனில் பல்கலைக்கழகத்துக்கே கொண்டுவந்தார். கார்ல் பால் லிங்க் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது. அதன் வழிவந்த வார்ஃபரின், 1948-ல் எலி மருந்தானது.

1951-ல் அதைத் தின்று சாக முயன்ற அமெரிக்க ராணுவ வீரர், ரத்தமும் வைட்டமின் கே-யும் ஏற்றியதில் பிழைத்தார். முறிவு இருக்கிறது என்ற தைரியம் வந்தது. 1954-ல் மனிதருக்கும் அனுமதி.

ஆனால் வைட்டமின் கே வேலை செய்யப் பல மணி நேரமாகும். உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு என்றால், உறைய வைக்கும் காரணிகள் உள்ள ஊசியும் சேர்த்துப் போடுகிறார்கள்; இல்லாத இடத்தில் பிளாஸ்மா.

அப்பா சட்டைப்பையில் இப்போது ஒரு சீட்டு: "வார்ஃபரின் சாப்பிடுகிறேன்". தூக்கிப் போகிறவர் நானாக இருக்க மாட்டேனே.