அறுந்த இடம் எது?

வைஃபை இணைப்பின் குறி முழு வலிமையோடு ஒளிர்ந்துகொண்டிருக்க, ஒரு பக்கம்கூடத் திறவாமல், 'இணையம் இல்லை' என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும் டேப்லெட்டைக் கையில் ஏந்தித் திகைப்பது, இன்று ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் நேரும் சம்பவமாகிவிட்டது. அந்தக் குறி உணர்த்துவதெல்லாம் டேப்லெட்டுக்கும் வீட்டு மூலையில் இருக்கும் ரூட்டருக்கும் இடையே உள்ள சில அடி தூரத்தின் க்ஷேமத்தை மட்டுமே. ரூட்டரிலிருந்து தெருக்கம்பம், தெருக்கம்பத்திலிருந்து சேவை நிறுவனத்தின் நிலையம், அங்கிருந்து கடற்கரை, கடலடியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் கேபிள் என்று நீளும் பாதையில் எந்தக் கட்டம் அறுந்தது என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இருந்த இடத்திலிருந்து எழாமலே தொலைவிலுள்ள பழுதின் ஸ்தானத்தை நிர்ணயிக்கும் வித்தையோ, டேப்லெட்டுக்கும் இணையத்துக்கும் வெகுகாலம் முன்பே, தந்திக்காரர்களிடையே பிறந்து வளர்ந்தது.

1858-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அயர்லாந்தின் வலென்ஷியாத் தீவையும் வட அமெரிக்காவின் நியூஃபவுண்ட்லாந்தையும் அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் ஒரு கம்பி இணைத்தபோது, விக்டோரியா மகாராணியார் அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு அனுப்பிய 98 சொற்கள் கொண்ட வாழ்த்து போய்ச் சேரச் சுமார் 16 மணி நேரம் பிடித்தது. சமிக்ஞை இவ்வளவு தேய்ந்து வருவதைக் கண்டு, தந்திக் கம்பெனியின் மின்பொறுப்பை வகித்த ஒயில்ட்மன் ஒயிட்ஹவுஸ், சுமார் 2000 வோல்ட் வரை மின்னழுத்தம் தரும் சுருள்களைக் கொண்டு கம்பியை உந்தினார். ஏற்கெனவே குறைபாடுகளோடு கிடந்த அந்தக் கம்பியின் உறை மேலும் சிதைந்து, சில வாரங்களுக்குள் அது அடியோடு மௌனமாயிற்று. எதிர்த்தரப்பில் நின்ற வில்லியம் தாம்சன் என்ற கிளாஸ்கோ பேராசிரியர், மெல்லிய மின்னோட்டத்தை அனுப்பி, அதைக் கண்ணாடித் துண்டில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளியின் அசைவால் படிக்கும் நுட்பமான கருவியை வகுத்திருந்தார். வேலை செய்யாத ஒன்றை மேலும் பலமாக உந்துவதா, அல்லது முதலில் அளந்து பார்ப்பதா என்ற இவ்விருவரின் விவாதம், பழுது தேடும் தொழில் உள்ளவரை தீராத விவாதம் என்பது என் அபிப்பிராயம். பதில் வராத டேப்லெட்டின் திரையைத் திரும்பத் திரும்ப அழுத்துகிற விரல் ஒயிட்ஹவுஸின் கட்சியைச் சேர்ந்ததே.

அளந்து பார்ப்பது என்றால் என்ன? ஒரு மைல் நீளமுள்ள செப்புக் கம்பி மின்னோட்டத்துக்கு எவ்வளவு தடை கொடுக்கும் என்பது தெரிந்திருந்தால், கரையில் அமர்ந்து கம்பியின் தடையை அளந்தமாத்திரத்தில், உறை கிழிந்து மின்சாரம் கடல்நீரில் கசியும் இடம் எத்தனை மைலுக்கு அப்பால் என்பதை வகுத்தல் கணக்காலேயே அனுமானிக்கலாம். கணக்கு எளிது; ஆனால் கிழிசலின் வாயிலேயே ஒரு தடை உண்டு என்பதும், அது மணிக்கு மணி மாறும் என்பதும் அனுமானத்தைக் கலைத்துவிடும். இந்தத் தொல்லையைக் கடக்கவே, பழுதான கம்பியோடு நல்ல கம்பி ஒன்றைத் தொலைவு முனையில் சேர்த்து வளையமாக்கி, ஒப்பிட்டு அளக்கும் முறைகள் தோன்றின. மர்ரே, வார்லி என்ற இருவரின் பெயரால் வழங்கும் அவ்வளையப் பரிசோதனைகள் தந்தி, தொலைபேசி இலாகாக்களின் பாடப் புத்தகங்களில் நூற்றாண்டுக்கு மேல் இடம்பெற்றன. எல்லாரும் ஒரே அலகில் அளந்தாலன்றி ஒருவர் கணக்கு மற்றவருக்குப் பயன்படாது என்பதால், 1861-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானச் சங்கம் மின்தடைக்கான திட்ட அளவை வகுக்கக் குழு அமைத்தது. இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்த 'ஓம்' என்ற அலகு நிலைபெற்றதில், கடலடியில் பழுது தேடியவர்களின் அவசரத்துக்கும் பெரும்பங்கு உண்டு.

இந்த வித்தை நம் சென்னைக் கரைக்கும் சீக்கிரமே வந்தது. 1871-இன் தொடக்கத்தில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை கடலடித் தந்தி இயங்கத் தொடங்கியிருந்தது. இன்று நம் வீட்டு இணையத்தைச் சுமந்து வங்காள விரிகுடாவைக் கடக்கும் ஒளியிழைக் கேபிள்களில் சில, ஏறத்தாழ அதே திசையில், அதே சிங்கப்பூரை நோக்கித்தான் செல்கின்றன. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, கேபிள் பாதிப்பால் இணையம் மெதுவாகும் என்று சேவை நிறுவனம் ஒன்று வாடிக்கையாளருக்கு அறிவித்தது. அன்று ரூட்டரை எத்தனை முறை அணைத்து ஏற்றினாலும் பயன் விளைந்திராது.

மின்னோட்டத்தை அளந்த காலம் போய், செய்திகளைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்தனுப்பும் காலம் 1969-இல் அர்ப்பாநெட் என்ற அமெரிக்க வலையமைப்போடு வந்தது. அதன் கணுக்களில் நின்ற யந்திரங்களை அமைத்த மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்தாபனம், தன் இடத்திலிருந்தபடியே தொலைவிலுள்ள எந்த இணைப்பையும் தன்மேலே மடித்துத் திருப்பி, அனுப்பியது அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்க்கும் ஏற்பாட்டைச் செய்திருந்தது. கண்டத்தின் மறுகோடியிலுள்ள தொலைபேசி வழி பழுதாகிவிட்டது என்று அவர்கள் தொலைபேசிக் கம்பெனிக்கே முதலில் தெரிவிக்க, அக்கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள் வியந்தனர் என்பர்.

அனுப்பியதைத் திருப்பி அனுப்பு என்று கேட்கும் இந்த உபாயமே, 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் வெளியிட்ட வலையமைப்பு விதிகளில் 'எதிரொலி' என்ற கேள்வி பதிலாகச் சட்டம் பெற்றது. இரண்டாண்டுகளுக்குப் பின், 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரிந்த மைக் மூஸ் என்பவர், தம் வலையமைப்பில் தோன்றிய ஒரு விநோதக் கோளாறைத் தேடும்பொருட்டு, அந்த எதிரொலியை அனுப்பித் திரும்பி வரும் நேரத்தைக் கணிக்கும் 'பிங்' என்ற நிரலை, சுமார் ஆயிரம் வரிகளில், ஒரே மாலையில் எழுதி முடித்தார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் கருவியின் ஒலியே பெயராயிற்று. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் இயக்குதளத்தில் சேர்ந்து, உலகெங்கும் பரவிய அந்த நிரலைப் பற்றித் தாம் கேட்டவற்றுள் சிறந்ததென்று மூஸே சொன்ன சம்பவம் ஒன்றுண்டு. ஓர் அலுவலகத்தில் வலையமைப்பு விட்டுவிட்டு அறுந்துகொண்டிருந்தது. அதன் நிர்வாகி, ஒவ்வொரு பதில் வரும்போதும் கணினி 'பிங்' என்று உரக்கச் சொல்லும்படி ஏற்பாடு செய்து, அதை ஒலிபெருக்கியில் முழு ஒலியில் வைத்துவிட்டு, கட்டடம் முழுவதும் நடந்து, ஒவ்வொரு கேபிள் முனையையும் அசைத்துப் பார்த்துக்கொண்டே போனார். எந்த முனையை அசைத்தபோது ஒலி நின்றதோ அதுவே தளர்ந்த முனை. வைத்தியர் மார்பில் குழல் வைத்துக் கேட்பதைப்போல் ஒரு கட்டடத்தையே கேட்டறிந்த அந்தப் பெயர் தெரியாத நிர்வாகியை நான் மிகவும் மதிக்கிறேன்.

பிங் பதில் வருகிறதா இல்லையா என்று சொல்லும். வராவிட்டால் வழியில் எங்கே நின்றது என்று சொல்லாது. 1986 அக்டோபரில், ஒன்றுக்கொன்று 400 கஜ தூரத்திலிருந்த லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, விநாடிக்கு 32,000 பிட் வேகத்தில் ஓடிய செய்திப் போக்குவரத்து நெரிசலால் 40 பிட்டாக இறங்கியது. கம்பி அறவில்லை, ஆயினும் காரியம் நடக்கவில்லை. அந்த நெரிசலுக்கு மருந்து கண்ட வான் ஜேக்கப்சனே அடுத்த இரண்டாண்டுக் காலத்தில் 'டிரேஸ்ரூட்' என்ற நிரலையும் தந்தார். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஆயுள் என்றொரு எண் உண்டு. ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். எண் பூஜ்யமானால் பொட்டலத்தை எறிந்துவிட்டு, எறிந்தேன் என்று அனுப்பியவருக்குச் சொல்லும். வழிதவறிய பொட்டலங்கள் முடிவின்றிச் சுழலாதிருக்க ஏற்பட்ட இவ்விதியை ஜேக்கப்சன் வேறு காரியத்துக்குத் திருப்பினார்: ஆயுள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வேண்டுமென்றே குறுகக் கொடுத்து அனுப்பினால், வழியிலுள்ள ரூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தம் இருப்பைத் தாமே தெரிவித்துவிடும், பதில் எந்தக் கட்டத்தோடு நிற்கிறதோ, அதற்கு அடுத்த கட்டத்தில் பழுதைத் தேடலாம். தந்திக்காரர் மைல் கணக்கில் அளந்ததை இவர் கட்டக் கணக்கில் அளந்தார்.

இதற்கிடையே பாதையில் இடைநிலைப் பணியாளர்கள் பெருகினர். பெயரைச் சொன்னால் எண் முகவரியைக் கண்டு தரும் டி.என்.எஸ். முறையை 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். புதிதாக வந்த கருவிக்கு முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாக அளிக்கும் டி.எச்.சி.பி. முறை 1993-இல் விதியாக வெளிவந்தது. 1997-இல் கம்பியில்லா வலையமைப்பின் திட்ட அளவு பிறந்து, 1999 முதல் வைஃபை என்ற பெயரோடு வீடுகளுக்குள் புகுந்தபோது, இப்பணியாளர் அனைவரும் ரூட்டர் என்ற ஒரே பெட்டிக்குள் குடியேறினர். இவர்களில் எவர் ஒருவர் தவறினாலும் விளைவு ஒன்றே: குறி ஒளிரும், பக்கம் திறக்காது.

டேப்லெட்டின் சரித்திரத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2010 ஏப்ரலில் ஐபேட் விற்பனைக்கு வந்த சில நாட்களுக்குள், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், முகவரிக் குத்தகையின் காலம் தீர்ந்த பின்னும் அதைப் புதுப்பிக்காமல் பழைய முகவரியையே அக்கருவிகள் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து, அதே முகவரி வேறொருவருக்கு அளிக்கப்பட்டிருக்கும்போது இருவருக்கும் இடையூறு நேர்வதால், அத்தகைய சில கருவிகளைத் தன் வலையமைப்பிலிருந்து விலக்கிவைத்தது. 'இந்த நெட்வொர்க்கை மறந்துவிடு' என்று ஆணையிட்டு மீண்டும் சேரும் வழக்கத்துக்குள்ள காரணங்களில் இது ஒன்று: பழைய அமைப்புகள் கழிந்து, முகவரிக்கான விண்ணப்பம் முதலிலிருந்து தொடங்குகிறது. டேப்லெட்டின் அமைப்புகளைத் திறந்து, வைஃபையின் பெயரைத் தொட்டு, அங்கே காணும் ஐ.பி. முகவரியைப் படிப்பதை ஒவ்வொருவரும் பழகவேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். அது 192.168 என்று தொடங்கினால், பெரும்பாலும் ரூட்டர் முகவரி கொடுத்துவிட்டது, பழுது அதற்கப்பால்; 169.254 என்று தொடங்கினால், கேட்டும் எவரும் கொடுக்காததால் கருவி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது, பழுது வீட்டுக்குள்ளேயே. அளக்கும் கருவி எதுவும் கையில் இல்லாமலே கிடைக்கும் இந்த நிர்ணயத்தை, உற்பத்தியாளர் மூன்று திரைகளுக்குப் பின்னே ஒளித்துவைத்திருப்பது எனக்கு வருத்தமே.

ஓட்டல்களிலும் ரயில் நிலையங்களிலும், கதவு திறந்திருப்பதுபோல் காட்டிவிட்டு, தொலைபேசி எண்ணையும் கடவுச்சொல்லையும் கேட்கும் பக்கத்தில் நிறுத்திவைக்கும் வழக்கம் பரவியபின், கருவிகள் தாமே கேட்டறியத் தொடங்கின. விண்டோஸ் விஸ்டா காலம் முதல், இணைந்த உடனே கணினி ஒரு சிறு கோப்பைக் கேட்டு, எதிர்பார்த்த சொற்களே வருகின்றனவா என்று பார்த்தது. ஆப்பிள் கருவிகள் 'வெற்றி' என்ற ஒற்றைச் சொல் கொண்ட ஆங்கிலப் பக்கத்தைத் தேடுகின்றன. ஆண்ட்ராய்டு 204 என்ற எண்ணோடு வரும் வெறும் பதிலை எதிர்பார்க்கிறது. வேறு எது வந்தாலும் நடுவே எவரோ மறிக்கிறார் என்பது அனுமானம். எதுவுமே வராவிட்டால் வைஃபை குறியின்மேல் வியப்புக்குறி ஏறுகிறது. போஸ்டலின் எதிரொலி நம் கண்ணில் படும் வடிவம் இதுவே. ஆனால் இந்தச் சோதனைக்கான முகவரியை மட்டும் தடுத்துவைத்த அலுவலக வலையமைப்பில், இணையம் செவ்வனே ஓடியும் வியப்புக்குறி நீடிப்பதுண்டு என்பதையும் சொல்லவேண்டும்.

இத்தனை கட்டங்களும் செம்மையாக இருந்தும் பக்கங்கள் திறவாத நிலை ஒன்று மிஞ்சுகிறது. இதைத் தேடுவோர் கடைசியில்தான் வந்தடைகின்றனர். இன்றைய இணையத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு தளமும், காலவரையறை கொண்ட சான்றிதழால் தன்னை நிரூபிக்கிறது. மின்கலம் முழுவதும் தீர்ந்து பல மாதம் பெட்டியில் கிடந்த டேப்லெட், விழித்தெழும்போது பழைய தேதியோடு எழுந்தால், இன்றைய சான்றிதழை இன்னும் தொடங்காதது என்று நிராகரித்துவிடும். தேதியைத் திருத்தியமாத்திரத்தில் எல்லாம் திறக்கும். திருத்தினாலும் தீராத வகையும் உண்டு. 2021 செப்டம்பர் 30-ஆம் நாள், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற பொதுநல ஸ்தாபனத்தின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியாயிற்று. அதற்கு மாற்றாக வந்த மூலத்தை அறியாத ஐஓஎஸ் 9-ஆம் பதிப்போடு நின்றுபோன ஐபேட் 2 முதலிய கருவிகளில், முந்தின நாள்வரை திறந்த தளங்களில் பல மறுநாள் திறக்க மறுத்தன. வைஃபையும் ரூட்டரும் கேபிளும் குறையின்றி இருந்தன. உற்பத்தியாளர் புதிய பதிப்பை அளிப்பதை நிறுத்தியிருந்ததே பழுதின் ஸ்தானம்.