கண் தெரியாத வாள்வீரனும் கலைக்கப்பட்ட சங்கமும்

சாமுராய் படம் என்றாலே நம்மில் பலருக்குக் குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' (1954) தான் ஞாபகம் வரும். ஆனால் ஜப்பானிய ஜனங்கள் பல்லாண்டுக் காலம் கொட்டகையில் கொண்டாடிய வாள்வீரர்களில் இருவர் உடற்குறை உள்ளவர்கள். ஒருவர் தாங்கே ஸாஸென். ஒற்றைக் கண், ஒற்றைக் கை. மற்றவர் ஸாடோய்ச்சி, இரண்டு கண்ணும் தெரியாது.

ஸாஸென் 1927-ல் ஒரு பத்திரிகைத் தொடர்கதையில் பிறந்தவர். அடுத்த வருஷமே திரைக்கு வந்துவிட்டார். 1935-ல் யமனாகா ஸடாவோ எடுத்த படத்தில் அவர் ஓர் அநாதைப் பையனை வளர்க்கிறார். ஊனத்தைக் காட்டி நம்மை அழவைக்கிற வேலையே அதில் கிடையாது. முணுமுணுத்துக்கொண்டே அன்பு காட்டும் நம்ம வீட்டுப் பெரியப்பா மாதிரி ஒரு மனுஷர், அவ்வளவுதான்.

வரலாறு படித்தவனாகிய என்னை அதிகம் இழுத்தது ஸாடோய்ச்சிதான். 1962-ல் மிஸுமி கென்ஜி இயக்கத்தில் முதல் படம் வந்தது. கட்ஸு ஷின்டாரோ 1989 வரை 26 படங்களில் அந்த வேடம் போட்டார். 'இச்சி' என்பது பெயர். 'ஸாடோ' என்பது என்ன தெரியுமா? அது ஒரு பதவி!

பழைய ஜப்பானில் பார்வையற்ற ஆண்களுக்கென அரசு அங்கீகாரம் பெற்ற ஒரு சங்கம் இருந்தது. இசை, உடம்பு பிடித்துவிடுதல், ஊசி வைத்தியம் ஆகியவை அவர்களுடைய தொழில்கள். மேலிருந்து கெங்க்யோ, பெட்டோ, கோடோ, ஸாடோ என நான்கு படிகள். ஸாடோ கடைசிப் படி. பணம் கட்டினால் மேலே ஏறலாம். வட்டிக்குக் கடன் கொடுத்துச் செல்வம் சேர்த்தவர்களும் உண்டு. அதனால் ஊராரின் வெறுப்பைச் சம்பாதித்தவர்களும் உண்டு. சாதனையாளர்களும் இருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸுகியாமா வாயிச்சி, மெல்லிய ஊசியைச் சிறு குழாய் வழியே உடலில் செலுத்தும் முறையை உருவாக்கினார். அந்தக் குழாய் இன்றும் பயன்படுகிறது. ஷோகுனுக்கே வைத்தியம் பார்த்த அவருக்கும் கண் தெரியாது.

இந்தப் பின்னணி தெரிந்தால் படமே வேறு மாதிரி தெரியும். முதல் படத்தில் ஒரு சூதாட்டக் காட்சி. இச்சி தாயக்கட்டைகளைக் குவளையில் போட்டுக் குலுக்கிக் கவிழ்க்கிறார். கட்டைகள் வெளியே விழுந்து கிடக்கின்றன. 'பாவம், இவனுக்குத் தெரியலை' என்று எல்லாரும் அதைப் பார்த்தே பணம் கட்டுகிறார்கள். 'அடடா, இது என் கைச்சட்டையிலிருந்து விழுந்தது' என்று அவற்றை எடுத்துக்கொண்டு குவளையைத் திறக்கிறார் இச்சி. உள்ளே வேறு கட்டைகள்! ஏமாற்ற நினைத்தவர்கள்தான் ஏமாந்தார்கள்.

இடுப்பில் இரட்டை வாள் அணியும் உரிமை சாமுராய்க்கு மட்டுமே இருந்த காலம் அது. இச்சியின் வாளோ கைத்தடிக்குள் ஒளிந்திருக்கிறது. அதே படத்தில் காசநோயால் இருமிச் சாகக் கிடக்கும் ஹிராடே மிக்கி என்ற சாமுராய்க்கும் அவருக்கும் தூண்டில் போடும் இடத்தில் நட்பு உண்டாகிறது. உயர்குலத்தானும் கடைசிப் படிக்காரனும் சமமாக உட்கார்ந்து பேசும் அந்த இடம், சண்டைக் காட்சிகளை விட என் மனதில் நிற்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். கட்ஸு கண் தெரிந்த நடிகர். ஓசையை வைத்தே பத்துப் பேரை வெட்டுவது கற்பனை. 'கண் போனால் காது கூர்மையாகும்' என்ற நம்பிக்கையை இப்படங்கள் ஊதிப் பெரிதாக்கின. அசாதாரணத் திறமை இருந்தால்தான் மரியாதை என்றால், சாதாரணப் பார்வையற்றவரின் கதி என்ன?

நிஜக் கதி இதுதான். 1871-ல் மெய்ஜி அரசு அந்தச் சங்கத்தைக் கலைத்தது. வருமானமும் பாதுகாப்பும் ஒரே நாளில் போயின. தொழிலில் பார்வையுள்ளவர்களின் போட்டி பெருகியது. பார்வையற்றோரின் பிழைப்பைக் காக்க, மற்றவர்களுக்கான புதிய மசாஜ் பயிற்சிப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டவிதி 1964-ல் வந்தது. அதாவது ஸாடோய்ச்சி படங்கள் ஓடிக்கொண்டிருந்த அதே வருஷங்களில். அந்த விதி செல்லும் என்று 2022-ல் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

திரையில் இச்சி வாளால் ஜெயித்தார். வெளியே அவருடைய இனத்தார் கைத்தொழிலையும் சட்டத்தையும் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள். நண்பர்களே, இந்தப் படங்கள் கிடைத்தால் பாருங்கள். சண்டைக்கு நடுவே, அடுத்தவர் தோளைப் பிடித்துவிட்டு அவர் கூலி வாங்கும் காட்சி வரும். அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.