கண்ணாடிக்குள் அசையும் கை



நம் தூத்துக்குடிப் பக்கம் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து கை விழுந்துவிட்டால், யாராவது ஒருவர் புறா ரத்தம் தடவச் சொல்வார். அப்புறம் ஒரு மாதம் பிசியோதெரபி. அதன்பின் "இனி அவ்வளவுதான்" என்று கட்டிலோடு விட்டுவிடுகிறோம். அந்த "அவ்வளவுதான்" என்ற சொல்லை மாற்றியவர்களில் நம் மண்ணோடு தொடர்புடையவர்கள் சிலர் உண்டு. பழைய சரித்திர வாத்தியார் சொல்கிறேன், கேளுங்கள்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் எழுந்தது. உயிர் பிழைத்தவரை மறுபடி வாழப் பழக்குவதும் மருத்துவம்தான் என்று காட்டியவர் அவர்.

அடுத்தவர் சென்னை ஸ்டான்லியில் படித்து அமெரிக்கா சென்ற வி.எஸ். ராமச்சந்திரன். கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு, இல்லாத கையில் வலி வரும். அதற்கு 1990-களில் அவர் கண்டது ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி. 1999-ல் அவரும் எரிக் ஆல்ட்ஷூலர் முதலானோரும் அதையே பக்கவாதம் வந்து வெகுநாளான ஒன்பது பேரிடம் சோதித்து 'லான்செட்' இதழில் எழுதினார்கள். இரு கைகளுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, விழுந்த கையை அதன் பின்னால் வைக்க வேண்டும். நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே இரு கைகளையும் அசைக்க முயல வேண்டும். முடங்கிய கை அசைவதுபோல் மூளைக்குத் தெரியும். 2018-ல் 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் பலன் இருப்பதாகவே தெரிந்தது.

இப்போது ஐ.ஐ.டி. மெட்ராஸும் வேலூர் சி.எம்.சி.யும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற சிறிய ரோபோவைச் செய்திருக்கிறார்கள். ஒரே மோட்டார்தான். கைப்பிடியை மாற்றி மாட்டினால் மணிக்கட்டு, விரல் என்று வெவ்வேறு பயிற்சி. திரையில் விளையாட்டு ஓடும். நோயாளியால் முடியாத அளவுக்கு மட்டும் எந்திரம் உதவும்.

உப்பளத்தில் கணக்கு எழுதிய என் சித்தப்பா மகனுக்கு வலது கை விழுந்து ஏழு மாதமாகிறது. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி தினமும் கண்ணாடி முன் உட்காருகிறான். சட்டைப் பொத்தானை இன்னும் மதினிதான் போட்டுவிடுகிறாள். ஆனால் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறான்.

யாருக்காவது வாய் கோணினாலோ கை தளர்ந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. பயிற்சிக்கு அப்படிக் கெடு கிடையாது. ஒரு மாதத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.